ஜெராக்ஸ் மெஷினில் கரண்ட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று இந்த வட்டாரத்தில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கப் போய்வருகிறேன். “அண்ணே, மெஷின் செத்துப்போச்சு, பவர் சப்ளை போர்டு போயிருக்கும்போல” என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பல தடவை, சுவர்க் கரண்ட்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அந்த போர்டு நன்றாகத்தான் இருக்கும். சுவரில் உள்ள சாக்கெட், மீட்டர் பெட்டியில் உள்ள நியூட்ரல், காய்ந்து கிடக்கும் எர்த் குழி, இவற்றில் ஏதோ ஒன்று கைவிட்டிருக்கும். அதனால் இங்கே சுவரிலிருந்து தொடங்கி மெஷினுக்குள் போகிறேன். கடைக்காரரும் அலுவலகத்தில் இருப்பவரும் தாங்களே செய்யக்கூடியது எது, தொடவே கூடாதது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்பிளே இல்லை, விளக்கு இல்லை, சத்தமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மெஷின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைச் சொருகுங்கள். செல்போன் சார்ஜர் வேண்டாம். நூல் அளவுக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியிலும் சார்ஜர் வேலை செய்துவிடும். அதற்குத் தேவை சில வாட்தான். அயர்ன் பாக்ஸ் 750 அல்லது 1000 வாட் இழுக்கும். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ் சூடாகி, சாக்கெட் சூடாகாமல் இருந்தால் சுவர் பக்கம் பழுதில்லை. சாக்கெட்டும் சேர்ந்து சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.

அடுத்தது மெஷினுக்குப் பின்னால் போகும் கேபிள். கூட்டிப் பெருக்க மெஷினை நகர்த்தும்போது அது பாதி கழன்று நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் சொருகி இருப்பதுபோலவே தெரியும். அழுத்திச் சொருகுங்கள். பழைய கம்ப்யூட்டரோடு வந்த மெல்லிய கேபிளை இதற்கு மாட்டாதீர்கள். வடிவம் பொருந்தும், கரண்ட் தாங்காது.

மூன்றாவது சுவிட்ச். பல மாடல்களில் இரண்டு சுவிட்ச் உண்டு. மேலே பேனலில் இருப்பது தூங்கவைக்கும் பட்டன். உண்மையான மெயின் சுவிட்ச் முன்கதவைத் திறந்தால் உள்ளேயோ, பக்கவாட்டில் ஒரு மூடிக்குள்ளேயோ இருக்கும். யாரோ ஒருநாள் அதை அணைத்திருப்பார்கள். அப்புறம் பேனல் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் மெஷின் எழாது. இதற்காக மட்டுமே இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போன நாட்கள் உண்டு. பெட்ரோல் காசைக் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

டெஸ்டர் வைத்தால் எரிகிறதே, அப்புறம் ஏன் ஓடவில்லை?

டெஸ்டர் சொல்வது பேஸ் இருக்கிறது என்பதை மட்டுமே. போன கரண்ட் திரும்பிவர நியூட்ரல் வேண்டும். அது இருக்கிறதா என்று டெஸ்டருக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். அந்தக் காலத்து வயரிங்கில் பேஸுக்கு ஒரு பீங்கான் பீஸ் கட்டை, நியூட்ரலுக்கும் ஒரு பீஸ் கட்டை என்று இரண்டு போட்டிருப்பார்கள். இப்போதைய முறையில் நியூட்ரலில் பீஸ் வைக்கவே கூடாது. வைத்த இடத்தில் நியூட்ரல் பீஸ் போனால் சாக்கெட்டில் டெஸ்டர் ஜோராக எரியும். மெஷின் மட்டும் கிடக்கும். தேவகோட்டையில் ஒரு வீட்டின் முகப்பு அறையை வாடகைக்கு எடுத்திருந்த அலுவலகத்தில் இதே கதைதான். நான் போவதற்கு முன்னால் வேறொருவர் வந்து, போர்டு போய்விட்டது என்று சொல்லி விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்கார ஆச்சிதான், “அந்தப் பக்கத்து பேனும் ரெண்டு நாளா ஓடலையே தம்பி” என்றார். அந்த ஒரு வரியில் விஷயம் முடிந்தது. பீஸ் கட்டையைக் கழற்றினால் கம்பி உருகிக் கிடந்தது.

மல்டிமீட்டர் இருந்தால் மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் சுமார். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும்.

சாதாரண சாக்கெட் போதுமா, பவர் பிளக் வேண்டுமா?

மெஷினின் பின்புறம் லேபிளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நடுத்தர அலுவலக மெஷின் சூடேறும்போது 1500 வாட் வரை இழுக்கும். அதை 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். டிவி, டேபிள் பேனுக்குப் போடும் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது அதிகம். 16 ஆம்பியர் சாக்கெட், மெயினிலிருந்து அதற்கென்று தனியாக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இதுதான் முறை.

பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்கும் கன்வர்ட்டர் 30 ரூபாய் மிச்சப்படுத்தி, முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பணயம் வைக்கும். ஸ்பைக் கார்டு என்று விற்கும் நீளமான பெட்டியும் பெரும்பாலும் 6 ஆம்பியர்தான். மெஷினை அதில் போட்டு, பக்கத்தில் கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின் எல்லாம் சொருகியிருந்தால் ஒருநாள் அதன் பிளாஸ்டிக் உருகும்.

டிஸ்பிளே வருகிறது. காப்பி எடுக்கப் போனால் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இது போர்டுதானே?

போர்டாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் மேலே பாருங்கள். மெஷின் அணையும் அந்த நொடியில் டியூப் லைட் மங்குகிறதா? பேன் சத்தம் மாறுகிறதா? மாறினால் கம்பியில் கோளாறு.

இதன் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. மெஷின் சும்மா நிற்கும்போது கொஞ்சம்தான் இழுக்கிறது. தாளில் ஒட்டிய டோனர் என்ற மைப்பொடியை உருக்கிப் பதியவைக்கும் பியூசர் என்ற பகுதியில் பெரும்பாலும் ஹாலஜன் விளக்கு இருக்கும். அது நேராக 230 வோல்ட்டில் எரியும். எரியும் கணத்தில் சட்டென்று பல ஆம்பியர் இழுக்கும். கம்பியோ ஜாயின்ட்டோ பலவீனமாக இருந்தால் வோல்டேஜ் அங்கேயே விழும். மூளை போர்டுக்கு 5 வோல்ட் தரும் பகுதி தடுமாறும். மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

செட்டிநாட்டு வீட்டில் தெருவுக்குத் தெரு வீடு நீளும். மீட்டர் முகப்பில் இருக்கும், மெஷின் இரண்டாம் கட்டைத் தாண்டி இருக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 மீட்டர் போய்த் திரும்பினால், மெஷின் முழு வேகத்தில் இழுக்கும்போது கம்பி மட்டுமே 7 வோல்ட் தின்றுவிடும். அதோடு நிற்காது. நடுவே எத்தனை இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள் என்பது மரப்பட்டிக்குள் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு முறுக்கும் தன் பங்குக்குத் தின்னும்.

மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்துக்கொண்டு மெஷினை ஆன் பண்ணச் சொல்லுங்கள். 225 இருந்தது 218 ஆனால் பரவாயில்லை. 190க்கு விழுந்தால் பிளக்கைக் கழற்றி அதன் பின்களைப் பாருங்கள். பழுப்பேறிக் கறுத்திருந்தால் திருடன் அங்கேயே பிடிபட்டான். வோல்டேஜ் அசையாமல் நின்றும் மெஷின் அணைகிறது என்றால் சரி, அப்போது போர்டைத் திறக்கலாம்.

சாயங்காலமானால் காப்பியைக் கையால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது. டோனர் மட்டமா?

காலையில் அதே டோனர் நன்றாக ஒட்டியதா? அப்படியானால் டோனரைத் திட்டாதீர்கள். சாயங்காலம் லைனில் வோல்டேஜ் இறங்கியிருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சூடு அதே விகிதத்தில் குறையாது. அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் ஹீட்டர் 190 வோல்ட்டில் 680 வாட் அளவுதான் தரும். ஒன்றிரண்டு காப்பிக்கு மெஷின் சமாளிக்கும். வில்லங்கச் சான்று, பத்திரம் என்று ஐம்பது பக்கம் தொடர்ந்து ஓட்டினால் பியூசரின் உருளை ஆறிப்போகும், எழுத்து உதிரும். கெட்டியான பத்திரத் தாளில் இன்னும் மோசம், ஏனென்றால் தாளே சூட்டைக் குடித்துவிடும். அந்த நேரத்தில் பத்துப் பத்தாக எடுங்கள்.

பகலிலும் உதிர்ந்தால் ஹீட்டர் விளக்கு, சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர், தேய்ந்துபோன உருளை என்று வேறு வழியில் தேட வேண்டும்.

ஸ்டெபிலைசர் போடலாமா? யூபிஎஸ், இன்வெர்ட்டரில் கொடுக்கலாமா?

லேபிளில் 220–240 வோல்ட் என்று போட்டிருந்தால் பெரும்பாலான மெஷின்கள் அதற்கு மேலும் கீழும் 10 சதவீதம் தாங்கும். அதாவது 198 முதல் 264 வரை. உங்கள் கடையில் வோல்டேஜ் அதற்குள் இருந்தால் ஸ்டெபிலைசர் தண்டச் செலவு. வெளியே போகிறது என்றால் 3 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர் வாங்குங்கள். பிரிட்ஜுக்குப் போடும் சின்ன ஸ்டெபிலைசர் டக் டக்கென்று ரிலே மாற்றும். அந்தத் துள்ளலே மெஷினை ரீஸ்டார்ட் ஆக்கிவிடும்.

கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் ஜெராக்ஸ் மெஷினைக் கொடுப்பது, டிவிஎஸ் 50யில் நெல் மூட்டை பத்து ஏற்றுவது போலத்தான். ஹீட்டர் எரிந்த உடனே யூபிஎஸ் கூவிக்கொண்டு அணையும். வீட்டு இன்வெர்ட்டரும் அப்படித்தான். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் இன்னும் கெடுதல். கரண்ட் போனால் மெஷின் அணையட்டும், கெட்டுப்போகாது.

ஜெனரேட்டரில் ஓட்டினால் எர்ரர் கோடு வருகிறதே?

பியூசர் ஹீட்டரை எப்போது எரிக்க வேண்டும் என்று மெஷின், மேலும் கீழும் ஆடும் கரண்ட் அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் அது நொடிக்கு 100 முறை நடக்கும். சின்ன ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்கினால் இந்தத் தாளம் தப்பும். ரிகோ மெஷின்களில் எஸ்சி 547 என்று வருவது பெரும்பாலும் இந்தத் தாளத்தையோ, பியூசருக்குக் கரண்ட் விடும் ரிலேவையோ பற்றிய புகார். ஈபி கரண்ட் வந்ததும் மறைந்துவிட்டால் மெஷினில் ஒன்றும் இல்லை. ஈபியிலும் தொடர்ந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது. கரண்ட் லீக்கா?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பதும், அதிகம் அலட்சியம் செய்வதும் எர்த்தைத்தான்.

மெஷின் உள்ளே கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் பில்டர் ஒன்று உண்டு. அதில் பேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை வழியே வரும் மிகச் சிறிய கரண்ட் எர்த்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் போக வழியின்றி மெஷின் பாடி பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் சுமாருக்கு, மிதந்துகொண்டு நிற்கும். கரண்ட் சிறிது என்பதால் சுள்ளென்று மட்டும் இருக்கும். பழுது மெஷினில் இல்லை, எர்த் இல்லாததுதான் கோளாறு. ஆனால் உண்மையிலேயே உள்ளே ஒரு கம்பி உரசி பாடியில் பட்டால் அப்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. வெறுங்காலோடு, துடைத்த ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல் தரையில் நிற்கும் ஆளுக்கு அது சுள்ளோடு முடியாது.

எர்த் இல்லாத மெஷினில் வேறு தொல்லைகளும் வரும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஜாம் ஆகும், டிஸ்பிளே உறையும், நெட்வொர்க் போர்ட் சாகும்.

மூன்று துளை சாக்கெட் இருப்பதால் எர்த் இருப்பதாக நினைக்காதீர்கள். மேல் துளையில் கம்பியே வராத சாக்கெட்டை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கம்பி வந்தாலும் குழி உயிரோடு இருக்க வேண்டும். இது செம்புறாங்கல் பூமி. மழை நின்று மாசி பிறந்துவிட்டால் மண் காய்ந்து இறுகி, கரண்ட்டை உள்ளே விடாது. உப்பும் கரியும் போட்டு முறையாக எடுத்த குழிக்கும் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட் காட்டிய ஒரு கடையில், தண்ணீர் ஊற்றியபின் அது 3க்கு வந்தது. அன்று வேறு வேலை எதுவும் நான் செய்யவில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எர்த் இல்லை என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அளந்தால் 0 வோல்ட் காட்டும், அழகாக இருக்கும். என்றைக்கு வழியில் நியூட்ரல் அறுகிறதோ, அன்றைக்கு மெஷினின் இரும்பு பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

நேற்று பல்புகள் திடீரென்று பளிச்சென்று எரிந்தன. அப்புறம் மெஷின் ஆன் ஆகவில்லை.

தெருவிலோ டிரான்ஸ்பார்மரிலோ நியூட்ரல் அறுந்திருக்கும். அப்போது இரண்டு பேஸுக்கு நடுவே வீடுகள் மாட்டிக்கொள்ளும். 230க்குப் பதில் 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். ஒரு வீட்டில் பல்பு பளிச்சென்றும் பக்கத்து வீட்டில் மங்கலாகவும் எரிந்தால் அதுதான் அடையாளம். பார்த்த உடனே மெயினை அணையுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

மெஷினுக்கு நல்ல செய்தியும் இருக்கலாம். உள்ளே நுழைவாயிலில் வேரிஸ்டர் என்ற நீல அல்லது மஞ்சள் வில்லை ஒன்று இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் அது தன்னைச் சாகக் கொடுத்து பியூஸை அறுக்கும். அது மட்டும் போயிருந்தால் சின்ன வேலை. அதையும் தாண்டிப் போயிருந்தால் பெரிய வேலை.

உள்ளே பியூஸ் போயிருக்கிறது. நானே மாற்றலாமா?

வேண்டாம். காரணம் இரண்டு. பவர் சப்ளை போர்டில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 325 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்; பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அது உயிரோடு இருக்கும். இரண்டாவது, பியூஸ் சும்மா போவதில்லை. கண்ணாடிக்குள் கம்பி மெல்ல அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதாகிப் போயிருக்கலாம். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பின்னால் ஏதோ ஒன்று ஷார்ட். பாலம்போல் நாலு டையோடு சேர்ந்த ரெக்டிஃபையரோ, மாஸ்பெட் என்ற டிரான்சிஸ்டரோ, வேரிஸ்டரோ. புது பியூஸைப் போட்டால் அதுவும் டப்.

இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பியூஸின் மூடியில் டி (T) என்றிருந்தால் மெதுவாக அறுவது, எப் (F) என்றிருந்தால் சட்டென்று அறுவது. ஆன் பண்ணும் கணத்தில் பாயும் கரண்ட்டை டி தாங்கும். எப் போட்டால் நல்ல போர்டிலும் அறுந்துபோகும். மாற்றியபின் நேராக மெயினில் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் பண்ணுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் போர்டு பிழைத்தது. பளிச்சென்று நின்றே எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. போர்டை மட்டும் தனியாகச் சோதிக்கத்தான் இந்த வழி. பியூசரோடு சேர்த்துப் போட்டால் பல்பு எப்படியும் எரியும். பியூஸுக்குப் பதில் செம்பு இழையைச் சுற்றுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

இன்னொன்று: பியூஸ் வேறு, பியூசர் வேறு. “பியூசர் போயிடுச்சு” என்று போனில் கேட்டு ஆயிரக்கணக்கில் விலையுள்ள யூனிட்டைத் தூக்கிக்கொண்டு போய், பத்து ரூபாய் பியூஸை மாற்றிவிட்டு வந்ததுண்டு.

எம்சிபி டிரிப் ஆகிறது. சில நாள் பெரிய சுவிட்ச் விழுகிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரு லைனுக்கு ஒன்று என்று இருக்கும் சின்ன சுவிட்சான எம்சிபி விழுந்தால் கரண்ட் அதிகம் என்று பொருள். ஆன் பண்ணிய நொடியே விழுந்தால் ஷார்ட். ஐந்து, பத்து நிமிடம் ஓடியபின் விழுந்தால் எம்சிபியின் அளவு சிறியது அல்லது அதே லைனில் வேறு சுமை இருக்கிறது.

டெஸ்ட் பட்டன் வைத்த பெரிய சுவிட்ச் ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தாலே விழும். மழைக்காலக் காலையில் மட்டும் விழுந்தால் ஹீட்டரில் ஈரம் கோத்திருக்கலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கொஞ்சம் கசியவிடும் என்பதால், பத்து கம்ப்யூட்டரும் மெஷினும் ஒரே ஆர்சிசிபியில் இருந்தால் யார்மீதும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. மெஷினுக்குத் தனி லைன் போடுங்கள். விழுகிறதே என்று ஆர்சிசிபியைக் கழற்றி நேர் கம்பி கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

டிஸ்பிளே நன்றாக வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. கதவு மூடியிருந்தும் மூடச் சொல்கிறது.

5 வோல்ட் இருக்கிறது, 24 வோல்ட் இல்லை. டிஸ்பிளேவும் மூளை போர்டும் 5 வோல்ட்டில் ஓடும். மோட்டார், கிளட்ச், சோலினாய்டு எல்லாம் 24 வோல்ட். கதவைத் திறந்தால் 24 வோல்ட்டைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு அதை அழுத்தும். அந்த நாக்கு உடைந்திருக்கிறதா பாருங்கள். உடைந்தால் தீக்குச்சியை மடித்துச் சொருகி ஓட்டுகிற கடைகள் உண்டு. கையை உள்ளே விட்டிருக்கும்போது மோட்டார் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாக்கு சரியாக இருந்தால் போர்டில் 24 வோல்ட் பகுதி பழுதாகியிருக்கலாம், அல்லது அந்த லைனில் ஒரு மோட்டார் ஷார்ட் ஆகி போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டால் அந்தப் பூட்டு விடுபடும். மறுபடியும் பூட்டிக்கொண்டால் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். எதைக் கழற்றியதும் வோல்டேஜ் வருகிறதோ அதன் மறுமுனையில்தான் குற்றவாளி. டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்து மெஷின் எழாமல் இருந்தாலும் இதே தேடல்தான். போர்டு எழ முயன்று, சுமை தாங்காமல் அணைந்து, மறுபடி முயல்கிற சத்தம் அது.

கேனனில் இ000, ரிகோவில் எஸ்சி 54 என்று தொடங்கும் கோடுகள் வந்தால்?

பியூசரைப் பற்றியவை. சூடேறவில்லை அல்லது அளவு மீறிச் சூடேறியது. ஹீட்டர் விளக்கு, தெர்மிஸ்டர், சூடு மீறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட், ஹீட்டரை இயக்கும் ஏசி பகுதி, லோ வோல்டேஜ், இவற்றில் எதுவும் காரணமாகலாம். இந்தக் கோடுகளில் பல, அணைத்துப் போட்டால் போகாதபடி வேண்டுமென்றே பூட்டப்பட்டவை. சர்வீஸ் மோடில் அழிக்கும் வழியை யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் அழிப்பது தீயோடு விளையாடுவது. தெர்மோஸ்டாட்டை நேர் கம்பியால் இணைப்பது அதற்கு மேல்.

தீய்ந்த வாடை வருகிறது.

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்தாலும் பேஸ் உள்ளே நிற்கும். பிறகு மோந்து பாருங்கள். தாள் கருகிய வாடை என்றால் பியூசரில் தாள் மாட்டியிருக்கிறது. அது 180, 200 டிகிரி சூட்டில் இருக்கும், ஆறவிட்டு எடுங்கள். மீன் வாடைபோல் குமட்டினால் கெப்பாசிட்டர் கசிந்திருக்கலாம், அல்லது சாக்கெட் பிளாஸ்டிக் தீய்கிறது.

இந்த வாடை இந்தத் தொழில் பிறந்தபோதே கூட வந்தது. ஜெராக்ஸ் என்ற சொல்லையே ஊரெல்லாம் பரப்பிய 914 மாடல் 1959இல் வந்தது. தாள் தீப்பிடிக்கும் தொல்லை இருந்ததால் அதோடு ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள். தீயணைப்பான் என்று சொன்னால் வாங்குபவர் பயப்படுவார் என்று கருகலைப் போக்கும் கருவி என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள்.

மலிவாகக் கிடைத்த ரீகண்டிஷன் மெஷின். சொருகியதும் டப் என்று வெடித்தது.

லேபிளில் 120 வோல்ட் என்று இருக்கும், பாருங்கள். அமெரிக்காவில் ஓடிய மெஷின். அதை 230இல் சொருகினால் வேரிஸ்டர் வெடித்து பியூஸ் போவதுதான் நடக்கும். சரிசெய்தபின் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம். 1500 வாட் மெஷினுக்கு 2 கேவிஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர் இழுக்கும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைப் பாதியாக்குமே தவிர நிலைநிறுத்தாது. ஈபியில் குறைந்தால் மெஷினிலும் குறையும். வாங்கும் முன்னாலேயே லேபிளைப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் லேபிளைக் கிழித்திருந்தால் அந்த மெஷினே வேண்டாம்.

மழை, இடி, பல்லி?

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு பிளக்கைக் கழற்றுங்கள். போன் லைனும் நெட்வொர்க் கேபிளும் அதோடு சேர்த்தி. இடி இல்லாத வெறும் ஈர நாட்களில் மட்டும் பிளக்கை விட்டுவைப்பது நல்லது. சில மாடல்களில் மெயின் சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே ஈரம் போக்கும் சின்ன ஹீட்டர் ஓடும்.

பல்லிதான் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர். போர்டின் இளஞ்சூட்டைத் தேடி காற்றோட்டத் துளை வழியே போகும். 325 வோல்ட் இருக்கும் இரண்டு கம்பி முனைகளுக்கு நடுவே படுக்கும். பல்லியும் போகும், போர்டும் போகும். துளையை டேப் போட்டு அடைக்காதீர்கள், சூடு தங்கும். மெல்லிய நைலான் வலையை வெளியே ஒட்டுங்கள். மெஷின் மேல் வடை, பஜ்ஜி வைத்துச் சாப்பிடுவதை நிறுத்தினால் எறும்பு குறையும். எறும்பு குறைந்தால் பல்லியும் குறையும்.

போர்டைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கெப்பாசிட்டர் உப்பியிருப்பது, பியூஸ், வேரிஸ்டர், ரிலே, காய்ந்த சால்டர், இவை என்றால் பழுது பார்க்கலாம். கெப்பாசிட்டர்கள் சூட்டில் சாகும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது கணக்கு. சித்திரை வெயிலில் மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்து, பேனில் தூசி அடைத்திருந்தால் அதன் கதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது 105 டிகிரி என்று அச்சிட்டதைத்தான் போட வேண்டும். போர்டு கருகி, தடங்கள் எரிந்து, பலகை ஓட்டையாகியிருந்தால் நல்ல நிலையில் கழற்றிய பழைய போர்டைத் தேடுவது மேல். எதுவானாலும் மாற்றிய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன் செய்யும்போது என்ன சொன்னால் உங்களுக்கு உதவும்?

மாடல் எண். கோளாறு வந்தது ஆன் பண்ணும்போதா, காப்பி எடுக்கும்போதா, கரண்ட் போய் வந்தபோதா. அந்த நேரம் லைட், பேன் எப்படி இருந்தன. அயர்ன் பாக்ஸ் அதே சாக்கெட்டில் ஓடியதா. பிறகு மூன்று போட்டோ: பின்புற லேபிள், டிஸ்பிளேயில் வந்த கோடு, கழற்றிய பிளக்கின் பின்கள். பின் கறுத்திருந்தால் நான் வரும்போது கையோடு எலக்ட்ரீஷியனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.